பூட்டும் பொய்ச் சாவியும்: எல்லாப்பிரகட சுப்பாராவ் வாழ்க்கை

எங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் இரண்டு மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. முடக்குவாதம் அவருடைய கைவிரல்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கோணச் செய்துவிட்டது. ஒரு மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். மற்றொன்றை வேறொரு நாளில் உண்ண வேண்டும். முதலாவதை மறந்தும் நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆகவே ஓர் அட்டையின் முதுகில் ஞாயிறு என்றும், மற்றதன் முதுகில் புதன் என்றும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது பள்ளி நாளிலிருந்தே என் வேலை.

எழுதினேனே தவிர, ஏன் இரண்டு என்று நான் கேட்டதில்லை. உயிர்வேதியியல் படிக்க வந்த பிறகுதான் விடை கிடைத்தது. அந்த இரண்டு மாத்திரைகளும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. ஒன்று உயிரணுவை வளர்ப்பது. மற்றொன்று அதன் உருவத்தையே தாங்கி வந்து வளர்ச்சியைத் தடுப்பது. அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர் சென்னையில் படித்த ஒருவர். மும்முறை எழுதிப் பள்ளித் தேர்வில் தேறியவர். மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

தமிழ் மன்றத்தின் இதழில் தெலுங்கர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். நான் பிறந்த ஊர் கோலார் தங்கவயல். ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்குப் போன தமிழர்களின் பேரன் நான். எங்கள் லைன் வீடுகளில் ஒரு வீட்டில் தமிழ் ஒலிக்கும். சுவருக்கு அப்பால் தெலுங்கு ஒலிக்கும். கடைத்தெருவில் கன்னடம் ஒலிக்கும். அண்டை வீட்டுக்காரரின் பெருமையை நம் பெருமையாகக் கொள்ளுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அன்றியும், பிறந்த மண்ணை விட்டு வந்து பிறர் நடுவில் வாழ்ந்து படிக்கும் நமக்கு, இவர் வாழ்க்கையைப் போல் பாடம் தரும் வாழ்க்கை மிகச் சிலவே.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. ஏழு குழந்தைகளுள் நான்காமவர் இவர். தந்தையார் வருவாய்த் துறையில் சிறு அலுவலர், உடல்நலம் குன்றியவர். வீட்டில் வறுமை குடிகொண்டிருந்தது.

பிள்ளைக்கோ படிப்பில் நாட்டமில்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்பது அவர் எண்ணம். அன்னையார் அவரை மீட்டுக் கொண்டுவந்து மீண்டும் பள்ளியில் உட்கார வைத்தார். அந்தத் தாய் மட்டும் அன்று மனம் தளர்ந்திருப்பாரானால், உலகம் ஓர் அறிவியலாரை இழந்து காசி ஒரு பழக்கடைக்காரரைப் பெற்றிருக்கும்.

பள்ளியிறுதித் தேர்வில் ஒருமுறை தவறினார், மறுமுறையும் தவறினார். சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முறையில் தேறினார். இடையில் தந்தையாரும் மறைந்தார். நண்பர்களே, அரியர் வைத்துவிட்டு விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்த மூன்றாம் முறையை நினைவில் வைப்பார்களாக.

கதராடையும் கைநழுவிய பட்டமும்

பள்ளியிறுதிக்குப் பின் சென்னை மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். அந்நாளில் அவர் உள்ளம் இராமகிருஷ்ண மடத்தை நாடிற்று. துறவியாகிவிட வேண்டும் என்று விரும்பினார். தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியோரும் மருத்துவம் கற்றுத் தொண்டு செய்யுமாறு நெறிப்படுத்தினர். ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவுக்குப் பொருளுதவி செய்தனர்.

காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம் அது. அந்நியத் துணியை விலக்கிய சுப்பாராவ், அறுவைக் கூடத்திலும் கதராலான மேலாடையை அணிந்தார். அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை மாகாண மருத்துவப் பணிக்கு விண்ணப்பித்தார், அங்கும் இடமில்லை. ஒரு முழத் துணி ஒருவர் வாழ்வின் வழியையே மாற்றிவிட்டது.

பின்னர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி தலைமையில் சென்னையில் நடந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராக அமர்ந்தார்.

இந்நாட்களில்தான் அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்பது வெப்ப நாடுகளில் காணும் ஒரு குடல் நோய். உண்ட உணவிலுள்ள சத்தைக் குடல் ஏற்காது, வயிற்றுப்போக்கு நிற்காது, இரத்தம் வற்றும், உடல் எலும்புக்கூடாகும். அந்த நோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. சுப்பாராவையும் அதே நோய் பற்றிற்று. லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். மருத்துவம் படித்த அவருக்கு, உடன்பிறந்தாரைக் கொன்ற நோயின் காரணம் தெரியவில்லை. உலகில் எவருக்குமே அன்று தெரியாது. இந்த நோயை நண்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். பின்னர் மீண்டும் இதனிடம் வருவோம்.

கடல் கடந்து

1920-களின் முற்பகுதியில், காக்கிநாடாவைச் சார்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் ஆதரவும் மாமனாரின் உதவியும் கொண்டு, சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். 1919-இல் மணந்த இளம் மனைவியைத் தாய்நாட்டில் விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்புவதாக எண்ணம். திரும்பவே இல்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. தந்தை அதன் முகத்தைக் கண்டதில்லை. மனைவியையும் மீண்டும் கண்டதில்லை.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய இடங்களை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். அறிவியல் அவரிடமிருந்து வாங்கிய விலை இது. அந்த விலையில் ஒரு பங்கை, தாம் கேட்காமலே, ஒரு பெண் செலுத்தினார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றார். இந்தியச் சான்றிதழ் அங்கே மருத்துவத் தொழிலுக்கு உதவவில்லை. இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை செய்தார், பகலில் படித்தார். பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில், சைரஸ் பிஸ்கி என்பாரிடம் ஆய்வில் சேர்ந்தார்.

நீல நிறம்

உயிர்வேதியியல் பயின்ற மாணவர் எவரும் சுப்பாராவின் பெயரைத் தம் செய்முறைக் குறிப்பேட்டில் எழுதாமல் இருந்திருக்க மாட்டார். இரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று காணும் முறைக்குப் பிஸ்கி–சுப்பாராவ் முறை என்று பெயர். 1925-இல் வெளியாயிற்று. அமிலம் சேர்ந்த கரைசலில் மாலிப்டேட் உப்பை ஊற்றினால், அது பாஸ்பேட்டோடு கூடும். பின்னர் ஓர் ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் நீல நிறம் மலரும். நீலம் அடர்ந்தால் பாஸ்பரஸ் மிகுதி, வெளிறினால் குறைவு. வண்ணமானியில் வைத்து அளந்துவிடலாம்.

நானும் எத்தனையோ முறை அந்த நீலத்தைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் அதைச் செய்தபோது, சுப்பாராவ் என்பது இத்தாலியப் பெயரோ பிரெஞ்சுப் பெயரோ என்று அருகிலிருந்த நண்பர் ஒருவர் கேட்டார். நானும் விடை தெரியாமல் விழித்தேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

அளக்கும் கருவி கையில் வந்தால், காணாதன காணலாம். தசையில் உள்ள பாஸ்பரஸை அளந்த பிஸ்கியும் சுப்பாராவும் 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். 1929-இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைத் தனித்துப் பிரித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே அதனைக் கண்டார்.

தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பது அதுவரை நிலவிய கொள்கை. தசையாய்வுக்காக ஹில், மேயர்ஹாஃப் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றிருந்தனர். புதிய பாஸ்பேட்டுப் பொருள்கள் வந்ததும் அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. ஏ.டி.பி. என்பது உயிரணுவின் கைச்செலவுப் பணம். கை அசைந்தாலும், கண் இமைத்தாலும், நெஞ்சு துடித்தாலும் அதுவே செலவாகிறது. செலவானது உடனே மீண்டும் ஈட்டப்படுகிறது. ஒரு மனிதர் ஒரு நாளில் தம் உடல் எடையளவு ஏ.டி.பி.யை ஆக்கி அழிக்கிறார் என்று கணக்கிட்டுள்ளனர்.

1930-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. சென்னையில் ஒருமுறை மூடிய கதவு பாஸ்டனிலும் மூடிற்று.

ஈரல் தந்த பொருள்

1940-இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்திலுள்ள பெர்ல் ரிவர் என்னும் ஊருக்குச் சென்று, லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். இனி அவர் வாழ்ந்தது எட்டே ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் நடந்தவை எண்பது ஆண்டுக்குப் போதும்.

கதையின் முதற்பகுதி பம்பாயில் நிகழ்ந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாயில் ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இரத்தம் வற்றி இறப்பதை ஆராய்ந்தார். ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்தால் அவர்கள் தேறுவதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த மருந்து எது என்று எவருக்கும் தெரியவில்லை. வேறு சிலர், ஒருவகை நுண்ணுயிர் வளர்வதற்கு ஈரலிலும் கீரையிலும் உள்ள ஏதோ ஒரு பொருள் தேவைப்படுவதைக் கண்டு, அதனை வளர்ச்சிக் காரணி என்று அழைத்தனர். 1941-இல் அமெரிக்கர் மூவர் நான்கு டன் கீரையை அரைத்து அப்பொருளைச் சிறிதளவு சேர்த்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

நான்கு டன் கீரைக்குச் சிறிதளவு என்றால் எங்கள் ஊரார் வியக்கமாட்டார்கள். ஒரு டன் பாறையை வெட்டி மேலேற்றி, மில்லில் இடித்துப் பொடியாக்கி, சயனைடில் கரைத்தால், சில கிராம் தங்கம் கிடைக்கும். மீதியெல்லாம் மண்ணாகக் குவியும். அந்தக் குவியல்கள் 2001-இல் சுரங்கம் மூடிய பின்னும் ஊரைச் சுற்றி மலைகளாக நிற்கின்றன. உயிர்ப்பொருள்களைத் தேடுவதும் சுரங்கத் தொழிலே.

சுப்பாராவ் ஹார்வர்டில் இருந்தபோதே ஈரலில் மறைந்துள்ள சத்துகளைத் தேடத் தொடங்கியவர். கொடிய இரத்தசோகை ஒன்றைத் தீர்க்கும் ஈரல் சத்தே அவர் நாடியது. அது பி-12 வைட்டமின் என்று 1948-இல் பிறர் கண்டனர். அவர் தேடிய பொன் வேறொருவர் கைக்குப் போயிற்று. ஆயினும், தேடிய வழியில் மற்றொரு பொன் கிடைத்தது. அவர் தலைமையில் இயங்கிய வேதியியலார் குழு போலிக் அமிலத்தை ஈரலிலிருந்து பிரித்து, அதன் கட்டமைப்பை அறிந்து, 1945-இல் செயற்கையாகவே ஆக்கிற்று. டன் கணக்கில் அரைக்க வேண்டிய தேவை நீங்கிற்று; யாவருக்கும் எட்டும் மருந்தாயிற்று. இன்று நம் நாட்டில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மாத்திரையில் இருப்பது இதுவே.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன நோய்க்கு இப்போது வருவோம். டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் இப்புதிய போலிக் அமிலத்தைக் கியூபா நாட்டில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் தேறினர். உடன்பிறந்தார் இருவரைக் கொன்ற நோய், சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து சென்ற மருந்துக்குப் பணிந்தது.

பொய்ச் சாவி

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்னும் நோய்க்கூற்று அறிஞர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் அந்நாளில் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். மருந்தென்று ஒன்றும் கிடையாது. இரத்தசோகைக்கு நல்லதாயிற்றே என்று, போலிக் அமில வகை ஒன்றை அக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு நோய் விரைந்து வளர்வதுபோல் தோன்றிற்று.

பிறர் இதைத் தோல்வி என்று எழுதி மூடியிருப்பர். பார்பர் எதிர்ப்பக்கத்திலிருந்து சிந்தித்தார். இச்சத்து நோயணுவை வளர்க்குமானால், இச்சத்தைத் தடுக்கும் பொருள் நோயணுவைத் தடுக்குமன்றோ? சுப்பாராவிடம் கேட்டார். சுப்பாராவின் குழு போலிக் அமிலத்தின் உருவத்தையே கொண்டு, ஓரிரு இடங்களில் மட்டும் மாறுபட்ட பொருள்களை ஆக்கிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின்; மற்றொன்று மெத்தோட்ரெக்சேட்.

பெயரைக் கேட்டு நம்மவர் மயங்க இடமுண்டு. போலிக் என்று அழைக்கப்படும் அமிலமே மெய்யான சத்து. மெத்தோட்ரெக்சேட் என்னும் மிடுக்கான பெயருடையதே போலி!

இது வேலை செய்யும் முறை எளிது. உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ. இழையைப் புதிதாக நெய்ய வேண்டும். அதற்கு வேண்டிய நூல் ஒன்றைத் தயாரிக்கப் போலிக் அமிலம் தேவை. அந்த அமிலத்தைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவது ஒரு நொதி. நொதியைப் பூட்டு என்று கொள்வோம். அமிலம் அதற்கேற்ற சாவி. மெத்தோட்ரெக்சேட் அதே சாவியைப்போல் செய்த பொய்ச் சாவி. பூட்டுக்குள் நுழையும்; ஆனால் திருகாது; வெளியேயும் எளிதில் வராது. மெய்ச் சாவியைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மெய்ச் சாவி வந்து வாயிலில் காத்து நிற்கும். நூல் வராது; இழை நெய்யப்படாது; பிரிய முனைந்த அணு மடியும். மிக வேகமாகப் பிரிவது புற்றணு ஆதலின், மிகுதியாக அடிபடுவதும் அதுவே.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் பார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூன் மாதம் முடிவை வெளியிட்டார். பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. தணிந்தது என்றேன், தீர்ந்தது என்று சொல்லவில்லை. சில மாதங்களில் நோய் மீண்டது. ஆயினும் மருந்தால் இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்று உலகம் அன்றுதான் கண்டது. 1956-இல் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றை மெத்தோட்ரெக்சேட்டால் முற்றும் தீர்த்தனர். இன்று நல்ல வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறது. பல மருந்துகளின் கூட்டால் வரும் வெற்றி அது. அந்தக் கூட்டத்தில் மெத்தோட்ரெக்சேட் இன்றும் உண்டு.

குறைந்த அளவில் அதே மருந்து முடக்குவாதத்தையும் அடக்குகிறது. பாட்டியின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அதுதான். புதன்கிழமை மாத்திரை போலிக் அமிலம். பொய்ச் சாவியால் நல்ல அணுக்கள் வாடாமல் காப்பதற்காகத் தரப்படும் மெய்ச் சாவி. ஒரே தகரப் பெட்டிக்குள் பகையும் நட்பும் அடங்கியிருக்கின்றன!

இறுதி நாட்கள்

லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து 1947-இல் டைஎதில்கார்பமசின் என்னும் மருந்து வந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை ஒழிப்பது அது. நம் ஊர்களில் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து கொடுத்த யானைக்கால் மாத்திரையை நினைவுகூர்க. எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டகர் என்னும் தாவரவியலார், சுப்பாராவ் தலைமையிலிருந்த அதே கூடத்தில், மிசௌரி மாநிலத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டார். 1948-இல் அது வெளிவந்தது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தில் அதுவே மூத்த பிள்ளை.

ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர் எழுதித் தருவன எவை தெரியுமா? டெட்ராசைக்ளின் ஒன்று, போலிக் அமிலம் ஒன்று. இரண்டும் சுப்பாராவின் கூடத்தில் வேர்கொண்டவை. தம்பியும் தமையனும் மாண்டபோது இல்லாத மருந்துகள் இரண்டும், அவர் தாம் மறைவதற்குள் உலகுக்கு வந்துவிட்டன.

1948 ஆகஸ்டு 9-ஆம் நாள் காலை, சுப்பாராவ் தம் படுக்கையில் உயிர் நீங்கிக் கிடக்கக் கண்டனர். உறக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது. வயது 53. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறையச் சில நாட்களே இருந்தன. கதராடைக்காகப் பட்டத்தை இழந்தவர், விடுதலை பெற்ற நாட்டைக் கண்ணால் காணவில்லை.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பிஸ்கியிடம் பயின்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ், பொய்ச் சாவிக் கருத்தையே வேறு வழியில் வளர்த்து 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சுப்பாராவ் பெயரால் ஒரு பூஞ்சை இனம் சுப்பாரோமைசிஸ் என்று அழைக்கப்படுகிறது. பிறந்த நூற்றாண்டான 1995-இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

அவருக்குப் பின்

வளர்ச்சிக் காரணி என்னும் சொல்லுக்கு இன்று மற்றொரு பொருளும் உண்டு. ஓர் அணு மற்றோர் அணுவுக்கு வளர்க என்று ஆணையிட அனுப்பும் புரதங்களையும் அப்பெயரால் அழைக்கிறோம். இத்துறையைத் திறந்த ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்புரதம் அணுவுக்குள் நுழைவதில்லை. எங்கள் தாத்தா சொன்ன சுரங்க மணி நினைவுக்கு வருகிறது. கூண்டை மேலே தூக்க வேண்டுமானால் ஆழத்தில் இருப்பவர் மணிக்கயிற்றை இழுப்பார். மேலே எஞ்சினை ஓட்டுபவர் அவர் முகத்தைக் காண்பதில்லை. மணியோசையை எண்ணியே வேலை செய்வார். அணுவின் சுவரில் ஏற்பி என்னும் புரதம் அந்தக் கயிறும் மணியும்போல் ஊடுருவி நிற்கிறது. வளர்ச்சிக் காரணி வெளிமுனையைப் பற்றியதும், ஏற்பிகள் இரண்டு நெருங்கி இணைகின்றன. உடனே உட்புறத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டைப் பதிக்கின்றன. அதுவே மணியோசை. அதைக் கேட்டு உள்ளிருக்கும் புரதங்கள் வரிசையாக விழித்தெழுகின்றன, அணு பிரிகிறது. கயிற்றை எவரும் இழுக்காதபோதும் மணி ஓயாமல் அடித்தால், அது புற்றுநோய்.

அந்தப் பாஸ்பேட்டு எங்கிருந்து வருகிறது? சுப்பாராவ் 1929-இல் தசையிலிருந்து பிரித்த ஏ.டி.பி.யிலிருந்து வருகிறது! ஏற்பியின் உட்புறத்தில் ஏ.டி.பி. வந்து அமரும் ஒரு குழி உண்டு. 2003-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற ஜெஃபிடினிப் போன்ற நுரையீரல் புற்று மருந்துகள் அந்தக் குழியில் ஏ.டி.பி.யின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பொய்ச் சாவிகளே. மணி இருக்கும், அடிக்கும் நாக்கு அசையாது. 1998-இல் வந்த டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தோ வெளிமுனையையே பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம். மார்பகப் புற்றில் ஒருவகைக்கு அது உதவுகிறது.

இவற்றைச் சுப்பாராவ் கண்டார் என்று நான் சொல்லவில்லை. ஏற்பிகளை அவர் அறியார். ஆனால், அவர் தம் இளமையில் கண்ட பொருளும், முதுமை காணாத தம் இறுதி நாட்களில் கையாண்ட உத்தியும், அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின் ஒரே குழியில் வந்து சந்தித்தன. சில கருப்பைச் சூலகப் புற்றணுக்கள் போலிக் அமிலத்தைப் பற்றும் ஏற்பிகளைத் தம் மேனி முழுதும் தாங்கி நிற்கின்றன. அந்த ஏற்பியை அடையாளங்கண்டு நஞ்சைக் கொண்டு சேர்க்கும் மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. ஈரலில் தொடங்கிய வழி இன்னும் முடியவில்லை.

முடிவுரை

சுப்பாராவுக்குக் கதவுகள் பல மூடின. மூடிய கதவின் முன் நின்று அவர் முறையிட்டுக் கொண்டிருக்கவில்லை. திறந்திருந்த சிறு வழியில் நுழைந்து வேலை செய்தார். அதனால் மூடியவர் செய்தது நீதியாகிவிடாது. ஒரு சுப்பாராவ் தப்பிச் சென்று ஒளிர்ந்தார். தப்ப வழியின்றி மறைந்தோர் எத்தனை பேரோ! எங்கள் ஊரில் சுரங்கம் மூடிய பின், விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் சென்று இரவில் திரும்பும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் இக்கேள்வி என்னைத் தைக்கிறது. மும்முறை தேர்வெழுத ஒருவனுக்கு வாய்ப்பும், பொறுத்திருக்க ஒரு தாயும், கைகொடுக்க ஓர் அறநிலையமும் வேண்டும். நம்மில் தேறியவர்கள் தேறாதவர்க்கு அப்படி ஒரு கை கொடுப்பதே அவருக்கு நாம் செய்யும் நன்றி.

விடுமுறைக்கு ஊர் போனேன். மருந்தை ஆக்கியவர் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் மனைவி கடைசியில் என்ன ஆனாள் என்று மட்டும் வினவினார். விடை கூற இயலாமல், புதிய அட்டையை எடுத்து அதன் முதுகில் ஞாயிறு என்று எழுதலானேன்.

– உயிர்வேதியியல் முதுகலை மாணவன், கோலார் தங்கவயல்